சுந்தரிக்கு இன்று எந்த விரல்?

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது அத்தையின் பொறுப்பு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ராகு காலம், எமகண்டம், யாருக்குச் சந்திராஷ்டமம் என்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இரண்டு வருஷமாக அந்த வாசிப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தாளின் ஓரத்தில் நான் பென்சிலால் குறித்து வைத்திருப்பதைப் பார்த்து உள்ளே குரல் கொடுப்பார்.

“ஏளா, இன்னைக்கு வலது முன்னங்காலு, மூணாம் வெரலு!”

சுந்தரிக்கு நகம் வெட்டும் கணக்கு அது. ஒரு நாளைக்கு ஒரு நகம், அதற்கு மேல் கிடையாது. ப்ளவுஸ் வாங்க வருகிறவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டு, “இது என்னக்கா, யாரோட அளவு?” என்று கேட்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் கணக்குக்கு வந்து சேருவதற்குள் நான் பட்ட பாடும் சுந்தரி பட்ட பாடும் கொஞ்சமில்லை. நாய் வளர்த்துக்கொண்டு நகவெட்டியைத் தொடப் பயப்படுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கல்லிடைக்குறிச்சியில் லேடீஸ் டைலர். வீட்டின் முன்னறைதான் கடை. சுந்தரி கோவில்பட்டிப் பக்கம் என் நாத்தனார் ஊரிலிருந்து நாற்பத்தைந்து நாள் குட்டியாக வந்தவள். கருங்கன்னி, வேட்டை நாய்ச் சாதி. உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்திலும் காலிலும் மட்டும் செம்மண் நிறம். எலும்பும் தோலுமாக அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியவளைப் பார்த்து, “வந்துட்டா பாரு சுந்தரி!” என்று அத்தை கேலியாகச் சொன்னதே பெயராகிவிட்டது. இப்போது ஐந்து வயது. அப்படியொன்றும் சதை போட்டுவிடவில்லை, கன்னி சாதியே அப்படித்தான்.

கரிசல் காட்டில் இந்த நாய்களுக்கு யாரும் நகம் வெட்டுவதில்லை. வெட்ட வேண்டியதும் இல்லை. முயல் பின்னால் ஓடுகிற ஓட்டத்தில் கல்லிலும் கட்டாந்தரையிலும் உரசித் தானே தேய்ந்துவிடும். இங்கே மொசைக் தரை. நாளெல்லாம் என் மிஷினுக்கு அடியில், மிதிக்கிற பலகைக்குப் பக்கத்தில் படுக்கை. காலையில் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு நடை, அதுவும் புல்லும் சேறுமான தரை. நகம் எங்கே தேயும்? ராத்திரி அவள் நடந்தால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். கொலுசு போட்ட மாதிரி இருக்கிறதே என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் ஒரு கோயில் கொடைக்கு வந்தபோதுதான் பிடித்துக்கொண்டாள். “என்ன மதினி, பாதம் இப்படி விரிஞ்சு போச்சு? வழுக்கி வழுக்கி நடக்கா?” அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். நகம் தரையில் முட்டி விரலை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அந்த நோவு தெரியாமலிருக்க அவள் உடம்புப் பாரத்தைப் பின்னங்காலுக்குத் தள்ளி நின்றிருக்கிறாள். நான் அதை அவளுடைய ஒயில் என்று நினைத்திருக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பஸ் டிக்கெட் போதும். நாய் சமதரையில் நேராக நிற்கும்போது நகத்துக்கும் தரைக்கும் நடுவில் டிக்கெட்டை நுழைத்துப் பாருங்கள். தட்டாமல் போனால் நகம் சரியான நீளம். சுந்தரிக்கு எட்டு விரலில் போகவில்லை.

முதலில் டவுனில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனோம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. வாயை நாடாவால் இறுக்கிக் கட்டி, ஒரு பையன் கழுத்தை அமுக்க, இன்னொருவன் பதினெட்டு நகத்தையும் ஐந்து நிமிஷத்தில் வெட்டித் தள்ளினான். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான் கொஞ்சம் உண்டு, உடம்புச் சூட்டை ஆற்ற அது வாயைத் திறந்து மூச்சு இளைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வாயைக் கட்டினால் என்ன ஆகும் என்று அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல. இரண்டு விரலில் ரத்தம். மேசையிலேயே மூத்திரம் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் யாரிடமும் காலைத் தரவில்லை, மழைச் சேறு துடைக்கக்கூட.

அப்போதுதான் எனக்கு அந்தத் திமிர் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கத்திரிக்கோல் பிடிக்கிற கை. ஷிஃபான் துணியை நூல் பிசகாமல் வெட்டுகிறவளுக்கு ஒரு நாய் நகமா பெரிசு?

ஆன்லைனில் நகவெட்டி வாங்கினேன். இதில் இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் ஓட்டைக்குள் நகத்தை விட வேண்டும், ஒரு அலகு மட்டும் வந்து அறுக்கும். இன்னொன்று குறடு மாதிரி, இரண்டு அலகும் சேர்ந்து கடிக்கும். எனக்குக் கைக்கு வாகானது குறடு மாதிரியானது. நாம் நகம் வெட்டுகிற நகவெட்டி குட்டி நாயின் ஊசி நகத்துக்கு வேண்டுமானால் ஆகும். வளர்ந்த நாயின் உருண்டை நகத்தை அது தட்டையாக நசுக்கி விண்டுவிடும். அதைவிட முக்கியம் கூர்மை. மழுங்கின கத்திரியால் பட்டுத் துணியை வெட்டினால் அறுபடாமல் மடியுமே, அதேதான். மழுங்கின அலகு நகத்தை வெட்டுமுன் நசுக்கும், அந்த நசுக்கலே வலி. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்துப் பார்த்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வளைவுக்கு என் கல்லு வராதும்மா, புதுசு வாங்கிக்க” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

சரி, அந்த முதல் நாளுக்கு வருகிறேன். சுந்தரியை மடியில் சாய்த்து, இடது முன்னங்காலைப் பிடித்து, நடுவிரல் நகத்தை ஒரே வெட்டு. ஒரு கத்தல். காலை உதறிய உதறலில் மொசைக், சுவர், என் புடவை, அன்றைக்கு டெலிவரி கொடுக்க வேண்டிய ஒரு க்ரீம் கலர் பட்டு ப்ளவுஸ், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. அத்தை அடுக்களையிலிருந்து காப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். இவர் சவரப் பெட்டியிலிருந்து படிகாரக் கட்டியை எடுத்து வந்து ஒரு தேய்ப்பு தேய்த்தார். எரிச்சலில் சுந்தரி இன்னொரு கத்தல் கத்திக் கட்டிலுக்கு அடியில் போனவள் சாயங்காலம்வரை வரவில்லை. ரத்தம் தானாக நின்றது. ப்ளவுஸைப் பச்சைத் தண்ணீரில் உடனே நனைத்துக் காப்பாற்றிவிட்டேன். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை துணியோடு பிடித்துக்கொள்ளும். தொழில் தெரிந்த மட்டும் அன்றைக்குப் பிழைத்தேன்.

மறுநாள் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். காப்பித்தூள் என்றதும்தான் முகம் மாறியது. “நாய் காலை நக்கும்லா? காப்பி நாய்க்கு விஷம். இனிமே அந்த டப்பாவே கிட்ட வரக்கூடாது” என்றார். ஒரு சிட்டிகை சோளமாவை உள்ளங்கையில் கொட்டி, அதில் நகநுனியை வைத்து அழுத்தி, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிஷம் பிடிக்கச் சொன்னார். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறைந்தது கலைந்துவிடும். சோளமாவு இல்லாவிட்டால் மைதா, அதுவும் இல்லாவிட்டால் சுத்தமான துணி. ரத்தத்தை நிறுத்துவதற்கென்றே ஸ்டிப்டிக் பவுடர் விற்கிறது. ஒரு சின்ன டப்பா அலமாரியில் இருந்தால் தைரியம் என்றார். வாங்கி ஊசி டப்பாவோடு வைத்திருக்கிறேன்.

அப்புறம் சுந்தரியின் பாதத்தைத் தூக்கிக் காட்டித்தான் பாடம் நடத்தினார். நாய் நகத்துக்குள் பாதி தூரம்வரை சதை உண்டு, அதில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகமாக இருந்தால் வெளிச்சத்தில் ரோஸ் நிறத்தில் அது தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. செல்ஃபோன் டார்ச்சை அடியில் பிடித்தாலும் கரிக்கட்டைதான். அதனால் கறுப்பு நகத்தைப் பார்த்து வெட்ட முடியாது, வெட்டி வெட்டித்தான் பார்க்க வேண்டும். நுனியிலிருந்து தாள் கனத்துக்கு ஒரு சீவல், வெட்டின முகத்தைப் பார். மறுபடி ஒரு சீவல், மறுபடி பார்.

முதல் சீவலில் வெட்டு முகம் வறட்டு வெள்ளையாக, மார்க்கிங் சாக்கை உடைத்த மாதிரி பொருபொருவென்று இருக்கும். அடுத்ததில் சாம்பல் நிறமாகும். அதற்கடுத்து நட்டநடுவில் ஒரு கறுத்த புள்ளி தெரியும். பென்சிலைக் குறுக்கே வெட்டினால் மரத்துக்கு நடுவில் கரி தெரியுமே, அந்த மாதிரி. லேசாக ஈரப்பசையோடு மினுங்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் சதை. புள்ளியைக் கண்டால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அடிப்பக்கத்தைப் பார்த்தாலும் ஒரு துப்பு கிடைக்கும். நகத்தைத் திருப்பிப் பாருங்கள். நுனிப் பகுதி பாக்குமட்டை மாதிரி குழிந்து உள்ளே காலியாக இருக்கும். கொஞ்சம் மேலே போனால் குழி மூடி நகம் கட்டியாகிவிடும். குழிந்த வரைக்கும் பயமில்லை. சுந்தரியின் இடது பின்னங்காலில் இரண்டு விரலுக்கு மட்டும் வெள்ளை நகம். மற்றப் பதினாறுக்கும் உத்தேச அளவு அந்த இரண்டும்தான். உத்தேசம் மட்டும்தான், ஏனென்றால் எல்லா விரலிலும் சதை ஒரே நீளத்துக்கு இருப்பதில்லை. அளவு ப்ளவுஸ் கொடுத்தாலும் ஆளை நிற்கவைத்து ஒரு தடவை டேப் பிடிக்கிறோம் அல்லவா?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தபோது எனக்குச் சொல்லித்தந்த பெரியம்மையின் ஞாபகம் வந்தது. துணியை அளவுக்கு வெட்டினால் கையிலேயே ஒன்று வைப்பாள். தையலுக்கு அரை இஞ்சு விட்டுத்தான் வெட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் துணிக்குச் செய்ததை நாய்க்குச் செய்யத் தோன்றவில்லையே எனக்கு.

வெட்டுவது தெரிந்துவிட்டது. ஆனால் காலைத் தர வேண்டுமே? அதற்கு நாற்பது நாள் ஆனது.

முதல் வாரம் நகவெட்டி சும்மா அவள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. மோந்து பார்த்தாள், பின்வாங்கினாள், அப்புறம் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு அவித்த முட்டை. தொட்டு, விட்டு, முட்டை. மூன்றாவது வாரம் ஒரு யோசனை தோன்றியது. அவளுக்குப் பயம் அந்த ‘டக்’ சத்தத்தில்தான். அதனால் தென்னை ஈர்க்கு நாலு எடுத்து வைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகவெட்டியால் ஈர்க்கை நறுக்கினேன். டக், முட்டை. டக், முட்டை. எனக்கும் அது பழக்கம், எவ்வளவு மெல்லிசாகச் சீவ முடிகிறது என்று கை கற்றுக்கொண்டது. அத்தை வாசலில் போகிற பக்கத்து வீட்டு ஆச்சியிடம், “நாயிக்கு நகம் வெட்டுததுக்கு ஈர்க்குல பரீட்சை எழுதுதா. நாளைக்கு மருதாணியும் வைப்பா போலுக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னவர்தான் முட்டை அவித்துக் கொடுத்ததும்.

முட்டைக்குப் பதிலாகக் கொஞ்சம் தயிரைத் தட்டில் தடவி நக்கவிட்டாலும் வேலை நடக்கும். கருவாடு வேண்டாம், உப்பு ஏறிவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட எதுவும் கிட்டவே வேண்டாம்.

பிடிக்கிற விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாயின் கால் முன்னும் பின்னும் மடங்குமே தவிர நம் கை மாதிரி பக்கவாட்டில் விரியாது. நமக்கு வசதியாக இருக்கிறதென்று வெளிப்பக்கம் இழுத்தால் தோள்மூட்டு நோகும். நகத்துக்குக் கத்துகிறது என்று நினைத்துக்கொள்வோம், அது கத்துவது தோளுக்காக இருக்கும். நிற்க வைத்து, காலைப் பின்பக்கமாக மடித்துப் பாதத்தின் அடி மேலே தெரியும்படி பிடிப்பதுதான் நல்லது. மாமா இருந்திருந்தால் லாடக்காரர் கதை சொல்லியிருப்பார். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து நாலு காலையும் கட்டிக் குளம்பைச் சீவுவார்களாம். சுந்தரிக்கு அந்தக் கயிறு வேண்டாம். விரலின் அடிமெத்தையைக் கட்டைவிரலால் லேசாக மேலே தள்ளினால் நகம் தானே வெளியே நீண்டு வரும். வெட்டு சரிவாக விழ வேண்டும், குறுக்கே மொட்டையாக அல்ல.

அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி, கண்ணில் வெள்ளை தெரிவது, உடம்பு மரக்கட்டையாக விறைப்பது, எல்லாம் ‘போதும்’ என்பதுதான். சும்மா நிற்கிறதே என்று விறைத்து நிற்கிற நாயை வெட்டப்போய்க் கடி வாங்கினவர்கள் உண்டு. சுந்தரிக்கு வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போடுகிறோம். ஆனாலும் நாய்ப்பல் பட்டாலோ நகம் கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி போடுவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மறுபடியும் அந்தக் காப்பித்தூள், எதுவும் புண்ணில் வைக்கக்கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு நகம் என்ற கணக்கு பிறந்தது அவளுடைய பொறுமை எவ்வளவு என்று பார்த்ததில்தான். முதல் நகத்துக்கு முட்டை மேலேயே கண். இரண்டாவதுக்குக் கொட்டாவி. மூன்றாவதுக்கு விறைப்பு. அப்படியானால் ஒன்றோடு நிறுத்தினால் என்ன? ஒரு நிமிஷ வேலை. அவளுக்கு அது முட்டை கிடைக்கிற நேரமாக மட்டும் ஞாபகம் இருக்கும். நகம் ரொம்ப நீண்டிருந்த முதல் இரண்டு மாதம் மட்டும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நீண்ட நகத்தில் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. இழை இழையாக அடிக்கடி வெட்டினால் உள்சதை மெல்லப் பின்வாங்கும்.

கணக்கைச் சொன்னதும் அத்தை போட்ட ஒரே நிபந்தனை, செவ்வாய் வெள்ளி வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது. “நாயி நகம்னா நகம் இல்லையா?” என்றார். வாதாடவில்லை. விளக்கு வைத்த பிறகு வேண்டாம் என்பது கறுப்பு நகத்துக்கு முழு நியாயம், அந்தப் புள்ளி ட்யூப்லைட்டில் தெரியாது. காலை வெயில் திண்ணையில் விழும்போதுதான் நான் வெட்டுவதே. செவ்வாய் வெள்ளியை விட்டால் வாரத்துக்கு ஐந்து நாள். பதினெட்டு நகம் முடிய மூன்றரை வாரம். அதற்குள் முதல் நகம் வளர்ந்து தயாராக இருக்கும். சாதாரணமாக நாய்க்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை நகம் வெட்டச் சொல்கிறார்கள். அத்தையின் சாஸ்திரமும் டாக்டரம்மாவின் கணக்கும் எப்படிப் பொருந்தி வந்தது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

பதினெட்டு என்று சொன்னேன் அல்லவா, பாதத்துக்கு நாலாகப் பதினாறு. மீதி இரண்டு முன்னங்காலின் உள்பக்கம், தரையில் படாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற கட்டைவிரல் நகம். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தரையில் படாததால் தேயவே தேயாது. அரிவாள் மாதிரி வளைந்து வளைந்து கடைசியில் அந்த விரல் சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். ஸ்டேஷன் பக்கம் ஒரு வயசான நாய்க்கு அப்படிக் குத்திச் சீழ் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் இது இருக்கும், முடிக்குள் தடவிப் பாருங்கள்.

போன வருஷம் கார்த்திகை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வலது பின்னங்கால், வெளிவிரல். வழக்கம்போல் மூன்று சீவல், புள்ளி தெரிந்தது, நிறுத்திவிட்டேன். ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. பட்டிருக்கும் என்று சோளமாவு வைத்து ஐந்து நிமிஷம் பிடித்தேன். எடுத்தால் மறுபடி கசிகிறது. ஸ்டிப்டிக் பவுடர், இன்னொரு ஐந்து நிமிஷம். கொஞ்சம் நின்று, மறுபடி கசிந்தது. அரைமணி நேரம் ஆனது. பெரிய வெட்டில்லை, முதல் நாள் வெட்டினதில் கால் பங்குகூட இல்லை. அவள் கத்தவும் இல்லை. ஆனால் சொட்டுவது நிற்கவில்லை. இரண்டு நாளாகச் சோற்றைப் பாதியில் விட்டது அப்போதுதான் உறைத்தது. மழைக்காலச் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

துணியைச் சுற்றிக்கொண்டு இவருடைய லோடு ஆட்டோவில் டாக்டரம்மா வீட்டுக்கே போய்விட்டோம். அவர் நகத்தைப் பார்க்கவே இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளுத்திருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைப் பார்த்தார். முடி குறைந்த இடத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். “உண்ணி இருந்துச்சா?” என்றார். இருந்தது. காதுக்குள் இரண்டு மூன்று, எடுத்துப் போட்டிருந்தேன். ரத்தம் எடுத்துச் சோதித்ததில் எர்லிக்கியா, உண்ணிக் காய்ச்சல். அது வந்தால் ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைந்துபோகும், சில நாய்க்கு மூக்கில்கூட ரத்தம் வரும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நாலு வாரம், சாப்பாட்டோடு, ஒரு வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார். நாலாம் நாளே எழுந்து வாலாட்டினாள், ஆனாலும் கடைசி மாத்திரைவரை நிறுத்தவில்லை. எவ்வளவு மில்லிகிராம் என்பது நாயின் எடைக்குத் தக்கது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உண்ணி நாயின் உடம்பில் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மிஷின் மேசைக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன. நாய் உண்ணி வீட்டு வெடிப்பில்தான் முட்டை வைக்குமாம். அந்த வாரம் தையல் வேலையை நிறுத்தி, மேசையை நகர்த்தி, வெடிப்பையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தோம். அதன் பிறகு நகத்தைத் தொடுமுன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒரு நிமிஷ வேலை இப்போது ஒன்றேகால் நிமிஷம்.

அந்த நாலு வாரமும் அதற்குப் பிறகு ரத்தம் சரியாகிற வரைக்கும் நகவெட்டியைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் வந்ததுதான் உப்புத்தாள் பலகை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒரு முழப் பலகை சீவிக் கொடுத்தார். அதில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டிச் சரிவாகப் பிடித்து, பலகைக்கு அடியில் முட்டைத் துண்டை ஒளித்தேன். முன்னங்காலால் பறண்டினாள். நான்கே நாளில் பலகையைக் கண்டாலே பறண்ட ஆரம்பித்துவிட்டாள், தன் நகத்தைத் தானே அரம் போட்டுக்கொள்கிறாள். பின்னங்காலுக்கும் அந்தக் கட்டைவிரலுக்கும் இது உதவாது. பத்துப் பறண்டலோடு எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதமெத்தையும் உரசிப் புண்ணாகும்.

மோட்டாரில் சுழலுகிற நகத்தேய்ப்பானையும் ஒரு வாடிக்கையாளர் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தையல் மிஷின் மோட்டார் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் மாதிரி இருப்பதால் சுந்தரிக்குச் சத்தம் பயமில்லை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் நகம் சுடுகிறது. என் விரல் நகத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்த வாரம் மூன்று கல்யாண ஆர்டர். நேற்று நகம் வெட்ட நேரமில்லை, அத்தை குரல் கொடுத்தும் எழுந்திருக்கவில்லை. இன்று காலை திண்ணையில் வெயில் விழுந்ததும் உட்கார்ந்தேன். இடது பின்னங்கால், இரண்டாம் விரல், வெள்ளை நகம், இரண்டே சீவல். முட்டை கொடுத்தேன். விட்டுப்போன நேற்றைய கணக்கையும் தீர்த்துவிடலாம் என்று அடுத்த விரலைப் பிடித்தேன். சுந்தரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு கொட்டாவி விட்டாள். காலை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போய் மிஷினுக்கு அடியில் படுத்துவிட்டாள்.